உப்பளத்தில் கற்ற பாடம்
— மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

'பொருளின் மூன்று நிலைகள்' என்றவுடன், 'இது ஏழாம் வகுப்புப் பாடமாயிற்றே' என்று நீங்கள் நகைக்கக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக விழுப்புரத்திலிருந்து புறப்பட்டு, திண்டிவனத்தில் பேருந்து மாறி, மரக்காணம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றபோது அந்த எண்ணம் தகர்ந்தது.

அங்கே நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் சொல்லித்தரும் பொறுப்பு எனக்கு. "பனிக்கட்டி திண்மம், உருகினால் திரவமாகிய நீர், 100 டிகிரி செல்சியஸில் கொதித்தால் ஆவி" என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் ஒரு சிறுவன் எழுந்தான்.

"அண்ணா, எங்கம்மா உப்பளத்துல வேல செய்யுது. அங்க தண்ணி கொதிக்கவே இல்லையே, எப்படி ஆவியாவுது? தண்ணி போறப்ப உப்பு மட்டும் ஏன் கூடப் போவல?"

"நாளைக்குச் சொல்கிறேன்" என்று சமாளித்தேன். மாலையில் உப்பளத்து வரப்பில் நின்று சிந்தித்தபோதுதான், படித்ததெல்லாம் ஒழுங்காகப் புரிந்தது.

எல்லாப் பொருள்களும் நுண்ணிய துகள்களால் ஆனவை. அவை ஓய்வதே இல்லை. திண்மத்தில் தத்தம் இடத்திலேயே நின்று அதிர்கின்றன. திரவத்தில் நெருங்கியிருந்தும் நழுவி நகர்கின்றன. வாயுவில் விலகித் திரிகின்றன. ஒரு கன சென்டிமீட்டர் நீர் 100 டிகிரியில் நீராவியானால் ஏறத்தாழ 1,700 கன சென்டிமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். துகள்கள் பருப்பதில்லை, அவற்றின் இடைவெளியே பெருகுகிறது.

இனிச் சிறுவனின் முதல் கேள்வி. நீரின் துகள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. மேற்பரப்பில் உள்ள வேகமான துகள்கள், அண்டையிலுள்ளவற்றின் கவர்ச்சியை மீறி எந்த வெப்பநிலையிலும் வெளியேறும். இதுவே ஆவியாதல். நீரின் உள்ளேயும் குமிழிகள் தோன்றி எழுவதே கொதித்தல். வேகமானவை வெளியேற, எஞ்சிய நீர் குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். பாத்திகளை அகலமாகவும் ஆழமின்றியும் அமைப்பதன் காரணமும் இப்போது விளங்கும். பரப்பு மிகுந்தால் வெளியேறும் துகள்களும் மிகும். கடற்காற்று அவை திரும்பாதபடி கொண்டு செல்லும்.

இரண்டாம் கேள்வி. உப்பில் இருப்பவை சோடியம், குளோரைடு அயனிகள். எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட அவை ஒன்றையொன்று வலிமையாக ஈர்க்கின்றன. உப்பு உருகவே 801 டிகிரி வேண்டும். வெயிலால் அதை ஆவியாக்க இயலுமா? ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. பெரும்பகுதி சமையல் உப்பே. நீர் சுண்டச் சுண்ட, சமையல் உப்புக்கு முன்பே ஜிப்சம் பிரியும். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக வற்றியதும் சமையல் உப்பு படிகமாகத் தொடங்கும். மக்னீசிய உப்புகள் கடைசிவரை கசப்பு நீரில் தங்கும்; அதை வடித்துவிடுவர். படிந்த உப்பை உருப்பெருக்கியில் பாருங்கள், சின்னஞ்சிறு கனசதுரங்கள்! அயனிகளின் அந்த ஒழுங்கான அடுக்கை 1913-இல் எக்ஸ் கதிர்களால் கண்டறிந்தவர்கள் பிராக் தந்தையும் மகனும்.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பர் அறிஞர். அந்நூலில் உப்பு வணிகரான உமணரும் வருகின்றனர் என்பதை எண்ணி வியந்தேன்.

மறுநாள் வகுப்பில் விடை சொன்னேன். சிறுவர்களையே துகள்களாக்கினேன். கைகோத்து வரிசையாக நின்று ஆடினால் திண்மம். கைவிட்டு ஒருவரையொருவர் உரசி நகர்ந்தால் திரவம். மைதானமெங்கும் ஓடினால் வாயு. அனைவரும் மகிழ்ந்தனர்.

அன்றிரவு எதிர்பாராத மழை. காலையில் சென்றபோது, வெண்மையாய் உப்பு பூத்திருந்த பாத்திகளில் வெறும் தண்ணீரே நின்றது. நீர்த்துகள்கள் சூழ்ந்து, அயனிகளைப் பிரித்து இழுத்துக்கொண்டுவிட்டன. வரப்பில் அந்தச் சிறுவன் நின்றிருந்தான்.

"உப்பு எங்கயும் போவல அண்ணா, தண்ணிக்குள்ளதான் இருக்கு. ஆனா அம்மாவுக்கு இன்னும் பத்து நாளைக்கு வேல இல்ல."

பாடம் அவனுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. கரைந்த உப்பை வெயில் மீட்டுத் தரும். இழந்த கூலியை எது மீட்டுத் தரும்? இந்தக் கேள்விக்கு எந்த இயற்பியல் நூலிலும் விடை இல்லை. நண்பர்களே, அடுத்த முகாமுக்குச் செல்பவர்கள் சொல்லித்தருவதற்கு முன் அவர்களைக் கேள்வி கேட்க விடுங்கள்.