பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

முதுமை: தொடர் கட்டுரை – 9

டிமென்ஷியா மூளைக்குள் என்ன செய்கிறது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். வீட்டுக்குள் அது என்ன செய்கிறது என்பது இந்த வாரத்துக்கு. அதற்குச் சென்னையை அடுத்த சிறுசேரியை எடுத்துக்கொள்கிறேன். சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவைச் சுற்றி எழுந்த அடுக்குமாடிகளும், அவற்றுக்கு முன்பிருந்தே உள்ள கிராமத் தெருக்களும் ஒரே ஊர்ப்பெயரில் சேர்ந்திருக்கும் இடம் அது. மறதி நோய் என்றதும் அடுக்குமாடிதான் நம் நினைவுக்கு வருகிறது. மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ மகன் அழைத்துவந்து வைத்திருக்கும் அப்பா, ஒன்பதாவது மாடியில் ஒரே மாதிரி இருக்கும் கதவுகளில் தன் வீட்டுக் கதவு எது என்று தெரியாமல் நிற்பார். அது உண்மைதான். ஆனால் 2023-ல் வெளியான 'லாசி-டாட்' ஆய்வின் எண்கள் நம் பார்வையை கிராமத் தெருவின் பக்கமும் திருப்புகின்றன. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக அது மதிப்பிடுகிறது. நகரத்தில் 5.3 சதவீதம், கிராமத்தில் 8.4. ஆண்களில் 5.8, பெண்களில் 9.0. இளமையில் கிடைக்காமல் போன பள்ளிப் படிப்பு இந்த நோய்க்கான முக்கியக் காரணிகளில் ஒன்று என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். எழுதப் படிக்க வாய்ப்பே கிடைக்காத, வயலில் நாற்று நட்டு முதுகு வளைந்த ஒரு தலைமுறைப் பெண்களிடம் இந்த நோய் கூடுதலாக இருக்கிறது. அவர்களுக்குத்தான் பெயர் சொல்லிக் கண்டறியும் மருத்துவம் மிகத் தொலைவில் இருக்கிறது.

நோய்க்குப் பெயர் இல்லாத வீட்டில் பழிக்கு மட்டும் பெயர் உண்டு. மதியம் சோறு, குழம்பு, ரசம் என்று சாப்பிட்டு முடித்த மாமியார் அரை மணி நேரத்தில் திண்ணைக்கு வந்து, "காலையிலேர்ந்து ஒரு வாய் சோறு போடல" என்று எதிர்வீட்டாரிடம் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. சாப்பிட்ட நினைவு அவருக்குள் பதியவே இல்லை. "அத்தை, இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று மருமகள் உரக்கச் சொன்னால், கேட்பவர்களுக்கு அது அதட்டலாகத்தான் படும். தட்டைக் கழுவி வைத்துவிட்டதால் சாட்சியும் இல்லை. கோவாவில் மனநல ஆய்வாளர்கள் விக்ரம் படேலும் மார்ட்டின் பிரின்ஸும் நடத்தி 2001-ல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்களின் இத்தகைய நடத்தைக்கு மக்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானவை பிள்ளைகளின் புறக்கணிப்பும் அன்பின்மையும். மூளை நோயின் அறிகுறி, கவனித்துக்கொள்பவரின் குற்றமாக வாசிக்கப்படுகிறது. சிறுசேரியானாலும் கோவாவானாலும் இந்த வாசிப்பு ஒன்றுதான்.

நம் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் வாசிக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித் தருகிறது. கைவிட்டவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தேவையான சட்டம்தான். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு தெருவில் விட்ட பிள்ளைகள் இருக்கும்வரை அது இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்துக்குத் தெரிந்த பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு வகை: கொடுப்பவர், கொடுக்காதவர். இரவு இரண்டு மணிக்குத் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போகப் பார்க்கும் அப்பாவைப் பிடித்துவந்து படுக்கவைத்துவிட்டு, காலை ஷிப்டுக்கு ஓடும் மகளை அது அறியாது. உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி, டிமென்ஷியா நோயாளிகளுக்கான பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. கடமை என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டதால் இதை நாம் உழைப்பாகவே எண்ணவில்லை. இது உழைப்பு. கற்றுத்தர வேண்டிய, ஓய்வு கொடுக்க வேண்டிய, ஊதியம் பற்றியும் பேச வேண்டிய உழைப்பு. டிமென்ஷியா சிகிச்சை என்று அரசு எதைத் தொடங்கினாலும் அது நோயாளிக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் சேர்த்தே இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இது வெறும் ஆசை இல்லை, செய்து பார்த்ததுதான். அதே கோவாவில் 81 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2008-ல் முடிவு வெளியானது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறு மாத காலம் வீடு வீடாகப் போனார்கள். நோய் இன்னதென்று விளக்கினார்கள், பிடிவாதத்தையும் கோபத்தையும் எப்படிக் கையாள்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள், அரசு உதவித் திட்டங்களைக் காட்டினார்கள், தேவைப்பட்டபோது மனநல மருத்துவரிடம் சேர்த்தார்கள். பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. பெரிய கட்டடமோ விலை உயர்ந்த மாத்திரையோ இதற்குத் தேவைப்படவில்லை. "சாப்பிட்டீங்களே" என்று வாதாடுவதற்குப் பதில், "இதோ, அஞ்சு நிமிஷத்துல தரேன்" என்று சொல்லி கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தால் அந்த மத்தியானம் அமைதியாகக் கழியலாம். இதை ஒருவர் வந்து சொல்லும்வரை எந்த மருமகளுக்கும் தானாகத் தெரியாது.

தமிழ்நாட்டில் அந்த ஒருவர் ஏற்கெனவே வாசல்வரை வந்துகொண்டிருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ரத்த அழுத்தம் பார்க்கிறார், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார். உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் இரண்டுமே டிமென்ஷியாவுக்கான காரணிகள். சரிசெய்யக்கூடிய 14 காரணிகளைக் கவனித்தால் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது 'லான்செட்' ஆணையத்தின் 2024 அறிக்கை. ஆக, பெயர் வைக்காமலேயே நாம் இந்த வேலையில் பாதியைத் தொடங்கிவிட்டோம். கிண்டியில் 2024 பிப்ரவரியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் நிறுவிய ஸ்கார்ப் அமைப்பு, சென்னையில் டிமென்ஷியாவுக்கென்றே சேவை நடத்துகிறது. இரண்டுமே மதிப்புமிக்கவை. ஆனால் இடம் மாறினாலே பதறும் ஒருவரைப் பேருந்திலோ ஆட்டோவிலோ ஏற்றிச் சென்னைக்கு அழைத்துப்போய் வருவது ஒரு முழுநாள் போராட்டம், கூடவே ஒருவரின் ஒருநாள் கூலி.

குணமாக்க முடியாத நோயைக் கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. டிமென்ஷியா போலத் தோன்றுவதெல்லாம் டிமென்ஷியா இல்லை. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்க விளைவு என்று சிகிச்சையால் சரியாகக்கூடியவை அவற்றில் இருக்கின்றன. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று உளறினால் சிறுநீர்த் தொற்றுகூடக் காரணமாக இருக்கலாம். "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடும் வீட்டில் இப்படிக் குணமாகக்கூடியவர்களும் சேர்ந்தே கைவிடப்படுகிறார்கள். நம் குடும்ப அமைப்பே போதும், அரசு எதற்கு நுழைய வேண்டும் என்ற மறுப்பு இன்னும் ஆழமானது. குடும்பம்தான் இன்றைக்கும் சுமக்கிறது, நாளைக்கும் அதுதான் சுமக்கும். ஆனால் குடும்பம் என்று நாம் சொல்வது நடைமுறையில் பெரும்பாலும் ஒரே ஒரு பெண். அவர் படுத்துவிட்டால் அமைப்பும் படுத்துவிடும்.

எனக்கே கடினமாகத் தோன்றும் மறுப்பு வேறு. தன்னார்வலர்களின் தலையில் ஏற்கெனவே போதுமான வேலை இருக்கிறது. சிறிய ஊக்கத்தொகைக்கு இன்னொரு பதிவேட்டையும் நீட்டினால், ஒரு பெண்ணின் சுமையை இறக்க இன்னொரு பெண்ணின் மேல் ஏற்றியதாகிவிடும். சரியான கேள்வி. அதனால்தான் இதைக் கூடுதல் கட்டளையாக இல்லாமல், ஊதியமும் பயிற்சியும் உள்ள தனிப் பணியிடமாகக் கேட்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். படுக்கையில் கிடப்பவர்களைக் கவனித்துக்கொள்பவருக்கு 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில் மாதம் 600 ரூபாய் என்று அந்த மாநிலம் நிர்ணயித்தது. தொகை போதவே போதாது. ஆனாலும் பார்த்துக்கொள்பவர் என்று ஒருவர் அரசின் கணக்கேட்டில் தன் பெயரில் இடம்பெற்றார். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு வட்டாரத்தில், சிறுசேரி அடங்கிய திருப்போரூரில் என்றே வைத்துக்கொள்வோம், இரண்டு பணியிடங்களோடு இதைத் தொடங்கிப் பார்க்கலாம். கோவாவிலும் இரண்டு தாலுகாக்களில்தான் தொடங்கினார்கள்.