கூரை இழந்த தேவாலயம்

தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டபோது, பிழைப்பை இழந்த ஊர் எப்படியிருக்கும் என்பதைக் கோலார் தங்கவயல் வட்டாரம் அறிந்தது. அவ்வட்டாரத்துப் பூதிகோட்டையிலிருந்து இராமேசுவரம் சென்ற நாங்கள், ஒரே இரவில் அனைத்தையும் இழந்த ஓர் ஊரைத் தீவின் கிழக்கு முனையில் கண்டோம். அதுவே தனுஷ்கோடி.

மணல்வெளியில் முதலில் கண்ணில் படுவது, பிரிட்டிஷார் காலத்துத் தேவாலயத்தின் இடிபாடே. கூரை இல்லை, கதவுகள் இல்லை. பலிபீடம் இருந்த பக்கத்துச் சுவர் மட்டும் வளைவோடு நிமிர்ந்து நிற்கிறது.

ஒரு காலத்தில் இது கலகலப்பான துறைமுகம். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து ‘போட் மெயில்’ ரயிலில் வந்தவர்கள் இங்கே கப்பலேறித் தலைமன்னார் வழியாகக் கொழும்பு சென்றனர். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி எல்லாம் இங்கு இருந்தன.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலைகளில் மூழ்கியது. அதன்பின், மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது. ஆயினும் மீனவக் குடும்பங்கள் சில குடிசையமைத்து இன்றும் வாழ்கின்றன. மணலில் தோண்டிய ஊற்றில் நன்னீர் எடுக்கின்றன.

தேவாலயச் சுவரை அருகில் சென்று பார்த்தால், கல்லெங்கும் பூவிதழ் போன்ற வரிகள் தெரியும். அவை கடலில் வளர்ந்த பவளக்கற்கள். அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பவை பவளப்பாறைகளே. இன்று அவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. வெட்டி எடுக்க இயலாது. ஆகவே இச்சுவரிலிருந்து உதிரும் ஒரு கல்லுக்கு மாற்றுக் கல் கிடைப்பது அரிது. உப்புக்காற்று தேய்ப்பதோடு, சுவரேறிப் படம் எடுப்போரும், பெயர் கீறுவோரும், நினைவுக்கென ஒரு துண்டை எடுத்துச் செல்வோரும் அதன் ஆயுளைக் குறைக்கின்றனர்.

2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உள்ளது. செல்லும் வாசகர்கள் காலையிலேயே புறப்படுங்கள். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள். சுவரைக் கண்ணால் மட்டும் தொடுங்கள். அந்த ஊரில் வாழ்ந்தோருக்கு எஞ்சியிருக்கும் அடையாளங்களுள் அதுவும் ஒன்று.