பரிசோதனைக்கு அஞ்சலாமா? கடைக்காரர் அறிய வேண்டிய சில செய்திகள்

பிளவக்கல் அணையடிவாரம் தொடங்கி வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை கடை நடத்தும் நமக்கு 2020-ஆம் ஆண்டு இரண்டு பயங்களைக் கொடுத்தது. ஒன்று கொரோனா பயம். மற்றொன்று பரிசோதனைப் பயம். உள்ளதைச் சொன்னால் இரண்டாவதுதான் பெரிது. 'பாசிட்டிவ்' என்று வந்தால் கடை அடைபடும், வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும் என்ற கணக்கு. இந்தக் கணக்கு சரிதானா என்று நிதானமாகப் பார்ப்போம்.

சென்னை கோயம்பேட்டில் 2020 ஏப்ரல் இறுதியில் தொற்று வெளிப்பட்டது. மே 5-ல் சந்தை மூடப்பட்டது. அதற்குள் சுமை தூக்குவோரும் லாரிக்காரர்களும் சில்லறை வியாபாரிகளும் ஊர் திரும்பிவிட்டனர். கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை மளமளவென்று ஏறிற்று. சந்தை திருமழிசைக்குப் போய், கோயம்பேடு மறுபடி திறந்தது செப்டம்பர் 28-ல். ஒரு கடையை இரண்டு வாரம் அடைப்பதையும், ஒரு சந்தை முழுவதையும் ஏறக்குறைய ஐந்து மாதம் அடைப்பதையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

சோதனையில் வகை உண்டு. மூக்கிலும் தொண்டையிலும் குச்சியால் சளி எடுத்து, கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கிப் பார்ப்பது ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு வர ஒன்றிரண்டு நாளாகும். ஆண்டிஜன் சோதனை அரை மணி நேரத்தில் முடியும். ஆனால் கிருமி குறைவாயிருந்தால் தவற விட்டுவிடும். மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்வதற்கும் தராசில் ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஆகவே ஆண்டிஜனில் 'இல்லை' என்று வந்தும் காய்ச்சல் இருமல் இருந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். செய்தாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கூறியது. தமிழ்நாடு பெரும்பாலும் ஆர்.டி.பி.சி.ஆரையே நம்பியது, செலவு அதிகமானாலும் அது நல்ல முடிவு என்பதே நம் கருத்து.

நம்மவர் தடுமாறியது நாள் கணக்கில்தான். சரக்கு இறக்கிய லாரி டிரைவருக்குத் தொற்று என்று இன்று தெரிகிறது. இன்றே ஓடிச் சோதித்து, 'நெகட்டிவ்' சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாளைக் காலை கல்லாவில் உட்காருவது. இதில் பயனில்லை. கிருமி பெருகச் சில நாள் வேண்டும். அறிகுறி இல்லாத நெருங்கிய தொடர்புடையவர் 5-ஆம் நாளுக்கும் 10-ஆம் நாளுக்கும் இடையில் ஒரு முறை சோதிக்க வேண்டும் என்பது 2020-ல் கவுன்சில் வகுத்த முறை. அறிகுறி இருந்தால் காத்திருக்கக் கூடாது. இடைப்பட்ட நாட்களில் கல்லாவுக்கு ஆள் வேண்டுமென்றால் வேறு வீட்டில் வசிக்கும் உறவினரை வைப்பதே சரி. ஒரே வீட்டுத் தம்பியை வைத்துப் பயனில்லை.

வாசலில் நோட்டீஸ் ஒட்டும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவிட்டால் அன்றி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9-ல் சொல்லிவிட்டது. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

தடுப்பு முறைகளில் முதலில் பலரும் ரூபாய் நோட்டைப் பார்த்தே பயந்தோம். இஸ்திரி போட்டவர்களும் உண்டு. நோட்டால் பரவுவது அபூர்வம், காற்றோட்டமில்லாத இடத்தில் பலர் மூச்சு விடுவதே முக்கிய வழி என்பது பின்னர் தெளிவாயிற்று. எனவே கிட்டங்கியின் முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைப்பது, பத்துப் பாட்டில் சானிடைசரைவிட மேல். முகக்கவசத்தில் நம் பக்கத்துக்கு ஒரு சொந்தமும் உண்டு. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஊர் ஊராக மருத்துவமனைகளுக்குப் போகிறது. ஆனால் அந்தச் சல்லாத் துணி காயத்துக்குத்தான். ஒற்றை மடிப்பாக மூக்கில் கட்டினால் தடுக்காது. நெருக்கமாக நெய்த துணியில் மூன்று அடுக்கு வேண்டும்.

கடை நேரம் பற்றி நமக்கு மனக்குறை உண்டு. 2021 மே 10 முதல் நண்பகல் 12 மணி வரை, மே 15 முதல் காலை 10 மணி வரை என்று மளிகைக்கு நேரம் குறைந்துகொண்டே போயிற்று. நேரம் குறைந்ததால் ஜனம் குறையவில்லை; நான்கு மணி நேரத்துக்குள் நெருக்கியடித்தது. மே 31 முதல் வாகனங்களில் வீடு தேடிச் சென்று மளிகை விற்க அனுமதித்ததே உருப்படியான ஏற்பாடு. இன்னொரு தொற்று வந்தால் முதல் நாளே இதைக் கேட்டுப் பெற வேண்டும். 2020 ஜூனில் கடை அடைக்கும் நேரம் தொடர்பான விவகாரத்தில் பிடித்துச் செல்லப்பட்ட சாத்தான்குளம் தந்தையும் மகனும் காவலில் இறந்ததை எந்த வணிகரும் மறந்திருக்க மாட்டார். கடைக்கு வந்து விதியைச் சொல்ல வேண்டியவர் சுகாதார ஆய்வாளர்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ல் கொரோனா அவசர நிலையை முடித்துக்கொண்டது. கிருமி போய்விடவில்லை. மழைக்காலத்தில் ஃப்ளூவும் டெங்குவும் கூடவே வருகின்றன. இப்போது நாம் செய்யக் கூடியது, கூலியைப் பற்றி யோசிப்பது. மூட்டை தூக்குபவர் காய்ச்சலை மறைப்பது அன்றன்றைய கூலி போய்விடுமே என்றுதான். ஐந்து நாள் கூலியில் பாதியையாவது கடை கொடுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவரே வந்து சொல்வார். சிறு கடைக்குத் தனியாகக் கட்டுப்படியாகாது. தெருவுக்குப் பத்துக் கடை சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகை போட்டால் முடியும். எவ்வளவு என்பதைச் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசலாம்.