உப்பு நீரில் மிதக்கும் முட்டைகள்

ஊட்டிக்குச் சுற்றுலா சென்ற மாணவர்களில் பலர் படகு இல்லத்தருகே குதிரைச் சவாரி செய்திருப்பீர்கள். சவாரி முடிந்த பிறகு அந்த மட்டக்குதிரை எங்கே போகிறது என்று கவனித்ததுண்டா? சேணத்தைக் கழற்றியதும் பெரும்பாலும் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும்தான் மேய்ச்சல். மேய்கிற இடத்திலேயே லத்தி போடும். மறுநாள் இன்னொரு குதிரை அதே புல்லை மேயும். நம் கதை நடப்பது இந்த வட்டத்திற்குள்தான்.

குதிரையின் குடலில் வாழும் புழுக்களில் முக்கியமானவை ஸ்ட்ராங்கைல் எனப்படும் உருளைப் புழுக்கள். இவற்றின் முட்டைகள் லத்தியோடு வெளியே வந்து பொரிக்கின்றன. வளர்ந்த இளம்புழு, புல்லிதழை மூடியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்தியே மேலே ஏறிவிடும். அப்போது அது ஓர் உறைக்குள் அடைபட்டிருப்பதால் எதையும் தின்ன முடியாது. சேமித்த சத்தைச் செலவிட்டே உயிர் தரிக்க வேண்டும். வெயில் கொளுத்தினால் சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடும், உடலும் உலரும். குளிரில் செலவு குறைவு. சமவெளியின் சித்திரை வெயிலில் சீக்கிரம் மாண்டுபோகும் இளம்புழு, 2,240 மீட்டர் உயரத்தில் இரு பருவமழையும் நனைக்கும் உதகையில் பல வாரங்கள் தாக்குப்பிடிக்கும். நாம் தேடிப் போகும் அதே குளுமைதான் புழுவுக்கும் வசதி!

எனக்குப் பழக்கமான குதிரைக்காரர் ஒருவர், “ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி எல்லாக் குதிரைக்கும் பூச்சி மருந்து குடுத்துடுவேன் சார்” என்று பெருமையாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. 1966-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் டிரட்ஜ், லயன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தந்த ஆலோசனையும் ஏறக்குறைய இதுவே: ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மருந்து. அன்று அது சரியாகவும் இருந்தது. குடலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் புகுந்து உயிரைக் குடிக்கும் பெரிய ஸ்ட்ராங்கைல் புழு அதனால் பல நாடுகளில் அரிதாயிற்று. ஆனால் சிறிய ஸ்ட்ராங்கைல்கள் வேறு விதமாகப் பதில் சொல்லின. ஒவ்வொரு முறை மருந்து தரும்போதும் மருந்துக்குச் சாகிறவை செத்தன. தற்செயலாகத் தாங்கும் தன்மை பெற்றிருந்த சில மட்டும் மிஞ்சின. அடுத்த தலைமுறை முழுவதும் அவற்றின் பிள்ளைகளே! டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வை நாமே லாயத்தில் நடத்திக் காட்டினோம்.

1981-ல் ஐவர்மெக்டின் விற்பனைக்கு வந்தது. ஜப்பானிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த இம்மருந்துக்காக ஓமுரா, கேம்பெல் இருவரும் 2015-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அதற்குப் பின் குதிரையின் உருளைப் புழுக்களுக்கென்று முற்றிலும் புதிய வகை மருந்து எதுவும் வரவில்லை. இருப்பதும் பலிக்காமல் போனால், அந்தக் குதிரைக்காரரின் குடும்பத்துக்குச் சோறு போடும் குதிரையை எதைக் கொண்டு காப்பாற்றுவது?

எல்லாக் குதிரைகளும் ஒரே அளவில் முட்டை வெளியிடுவதில்லை. வளர்ந்த குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மொத்த முட்டைகளில் ஐந்தில் நான்கு பங்கைப் போடுகின்றன. அவற்றைக் கண்டுபிடித்து அவற்றுக்கு மட்டும் அடிக்கடி மருந்து தந்தால் போதும். மற்றவற்றுக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை. குட்டிகளின் கணக்கு வேறு. அதைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுவோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் என் பாடமான இயற்பியல் வருகிறது. புழுவின் முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதன் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம். எனவே நீரில் மூழ்கும். தெவிட்டிய உப்புக் கரைசலின் அடர்த்தியோ சுமார் 1.2. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி முட்டை அதில் மிதந்தாக வேண்டும். நாலு கிராம் லத்தியை உப்புக் கரைசலில் கலக்கி 60 மில்லிலிட்டர் ஆக்கி, வடிகட்டி, கட்டம் கீறிய கண்ணாடி அறையில் விடுகிறார்கள். சக்கையில் பெரும்பகுதி கீழே போக, முட்டைகள் மேலே வந்து கண்ணாடியின் அடிப்புறத்தில் ஒட்டி நிற்கும். நுண்ணோக்கியை அந்த மட்டத்துக்குக் குவித்து எண்ண வேண்டியதுதான். இரண்டு கட்டங்களிலும் சேர்த்து நாம் பார்ப்பது 0.3 மில்லிலிட்டர். ஒரு கிராம் லத்தி 15 மில்லிலிட்டரில் இருப்பதால், எண்ணிக்கையை 50-ஆல் பெருக்க வேண்டும். 14 முட்டை கண்டால் கிராமுக்கு 700. வளர்ந்த குதிரைக்கு 200-க்குக் குறைவென்றால் பொதுவாக மருந்தை ஒத்திப் போடலாம். மருந்து தந்தால் 14 நாள் கழித்து மறுபடி எண்ண வேண்டும். முட்டைகள் போதிய அளவு குறையவில்லையானால் அம்மருந்து அங்கே வலுவிழந்துவிட்டது என்று பொருள். குடற்சுவரில் பதுங்கிய இளம்புழுக்கள் மட்டும் இந்தக் கணக்கில் அகப்படா.

அளவும் முக்கியம். கண்ணால் பார்த்து எடையை ஊகித்து அரைகுறையாகக் கொடுப்பது, பாதி தாங்கும் புழுவுக்குப் பயிற்சி அளிப்பதாகும். தையற்காரரின் நாடா போதும். மார்புச் சுற்றளவை (சென்டிமீட்டரில்) அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோகிராமில் எடை கிட்டும். 150 சுற்றளவும் 130 நீளமும் உள்ள குதிரை ஏறக்குறைய 246 கிலோ. நீங்களே போட்டுப் பாருங்கள்.

மருந்தில்லாத வழியும் ஒன்று உண்டு: வாரம் இரு முறை லத்தியை அள்ளிவிடுவது. ஐவர்மெக்டின் கொடுத்த குதிரையின் லத்தி சாணவண்டுகளுக்கும் கேடு செய்யும் என்பதால் அதை அள்ளுவது இன்னும் நல்லது. அள்ளியதைப் பச்சையாகவே கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு அனுப்பாமல், குவித்து மட்க வைத்துக் கிளறிவிட வேண்டும். உதகையின் பனிக் காலையில்கூட அந்தக் குவியலின் நடுவிலிருந்து ஆவி கிளம்பும். உள்ளே நுண்ணுயிர்கள் எழுப்பும் அந்த வெப்பத்தில் முட்டையும் இளம்புழுவும் மடிகின்றன.