தன்னியக்கக் கட்டுப்பாடு

மனிதர் தொடர்ந்து கவனிக்காமலே ஓர் இயந்திரம் தன் செயலைத் தானே தொடங்கி, சீராக்கி, நிறுத்தும் முறை தன்னியக்கக் கட்டுப்பாடு எனப்படும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி முதல் மின்நிலையம் வரை இது பயன்படுகிறது.

செயற்படும் முறை

இதில் மூன்று உறுப்புகள் உண்டு. வெப்பநிலை, நீர்மட்டம், அழுத்தம் போன்றவற்றை அளப்பது உணரி. அந்த அளவை வேண்டிய அளவோடு ஒப்பிடுவது கட்டுப்படுத்தி. அதன்படி செயலாற்றும் மோட்டார், வால்வு போன்றவை இயக்கிகள். செயலின் விளைவை உணரி மீண்டும் அளந்து தெரிவிப்பது பின்னூட்டம் ஆகும். 1788இல் ஜேம்சு வாட் நீராவிப் பொறியில் பயன்படுத்திய வேகச் சீராக்கி இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. வேகம் கூடும்போது அதன் சுழலும் குண்டுகள் விரிந்து, பொறிக்குச் செல்லும் நீராவியைக் குறைத்தன.

வீடுகளில்

1955இல் ஜப்பானின் தொசிபா நிறுவனம் தானியங்கி மின்சார அரிசிக் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இத்தகைய குக்கர் சோறு வெந்ததா என்று பார்ப்பதில்லை. நீர் உள்ளவரை வெப்பநிலை ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் நிற்கும். நீர் வற்றியதும் உயரும். அந்த உயர்வை உணர்ந்து சுவிட்ச் அணைகிறது.

மேல்நிலைத் தொட்டியின் மிதவை சுவிட்ச், தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும். ஆழ்துளைக் கிணறு வற்றியதை அது அறியாது. அதனால் மோட்டார் நீரின்றி ஓடிப் பழுதாகலாம். இதைத் தவிர்க்கவே டிரை ரன் தடுப்புக் கருவி தனியாகப் பொருத்தப்படுகிறது.

பணியிடங்களில்

அளக்கப்படாத ஒன்று பெரும் ஆபத்தாகவும் முடியலாம். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில், அழுத்தம் குறைக்கத் தானாகத் திறந்த வால்வு மீண்டும் மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ, மூடுவதற்கான கட்டளை சென்றதை மட்டுமே காட்டியது. வால்வின் உண்மை நிலையைக் காட்டவில்லை. குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையில் நீர் மிகுந்துள்ளதாகக் கருதிய பணியாளர்கள், தானாகத் தொடங்கிய அவசர நீர்வரத்தைக் குறைத்தனர். உலையின் எரிபொருளில் ஒரு பகுதி உருகியது.

பாதுகாப்பு

எனவே கட்டளையை மட்டுமன்றி அதன் விளைவையும் அளப்பது இன்றியமையாதது. பழுது நேர்ந்தாலும் பாதுகாப்பான நிலைக்குச் செல்லுமாறு கருவியை அமைப்பதும் தேவை. மின்சாரம் நின்றதும் லிஃப்டின் பிரேக் தானே பிடித்துக்கொள்வது இவ்வகை அமைப்பாகும். தன்னியக்கக் கருவி ஒன்றைப் பொருத்துமுன், அது எதை அளக்கிறது, உணரி பழுதானால் என்ன நடக்கும், கையால் நிறுத்த வழியுண்டா ஆகிய மூன்றையும் அறிந்துகொள்ள வேண்டும்.