நகையும் அச்சமும்: அரசியற் கருத்துப்படம் பற்றிய ஓர் ஆய்வு

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறினார். அச்சத்திற்கு நிலைக்களன் கூறுமிடத்து அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினை எண்ணினார். தம்மை ஆளும் தலைவன் அச்சத்திற்குரிய பொருள்களுள் ஒன்றாக, கள்வரை அடுத்து வைக்கப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. இறை என்னுஞ் சொல்லால் ஆசிரியர், தந்தை முதலாயினாரையும் கொள்ளுதல் உண்டு. எனினும், ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஆள்வோர் என்னும் பொருளே இயைபுடையது.

இவ்விரு பகுதிகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், அரசியற் கருத்துப்படம் செய்யும் தொழில் இன்னதென விளங்கும். செய்தித்தாளைத் திறப்பவர் பலர், தலைப்புச் செய்தியைப் படிக்குமுன் கருத்துப்படத்தை நாடுகின்றனர். நாட்டுநிலை கவலைக்குரியதாக உள்ள நாளிலேயே இவ்வழக்கம் மிகுதிப்படுகிறது. இதனை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளுதல் பொருந்தாது. ‘தம் இறை’யாற் பிறக்கும் அச்சத்தை எள்ளலாற் பிறக்கும் நகையாக மாற்றிக்கொள்ளும் முயற்சி அது என்பதே நம் கருத்து. இதனைச் சில சான்றுகளால் நிறுவுவோம்.

தமிழ் இதழுலகில் அரசியற் கருத்துப்படத்திற்கு வழிவகுத்தது 1906-இல் சென்னையில் தோன்றிய ‘இந்தியா’ வார இதழாகும். அதன் ஆசிரியப் பொறுப்பில் விளங்கியவர் சுப்பிரமணிய பாரதியார். அயலாட்சியை வெளிப்படையாகக் குறைகூறுதல் குற்றமாகக் கருதப்பட்ட அந்நாளில், புராணக் கதை, விலங்குக் கதை ஆகியவற்றின் சாயலில் படங்கள் வரையப்பட்டன. ஆள்வோர் விலங்காகத் தோன்றும் படத்தைக் கண்ட எளிய மனிதன், தான் அஞ்சிய ஒன்றைத் தான் சிறுவயது முதல் அறிந்த கதைக்குள் கண்டான். அச்சத்தின் நிலைக்களன்களாகிய இறையும் விலங்கும் ஓருருவில் இணைந்தபோது அச்சம் இரட்டித்திருத்தல் வேண்டும். அங்ஙனமாகாது நகை பிறந்தமைக்குக் காரணம் எள்ளலே. 1908-இல் அடக்குமுறை வந்தது. இதழின் சட்டமுறைப் பொறுப்பாளர் சிறைத்தண்டனை பெற்றார். பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். இதழ் அங்கிருந்து 1910 வரை வெளிவந்தது. சிரிப்பினை ஆட்சி எத்துணைக் கடுமையாக எண்ணிற்று என்பதற்கு இது சான்று.

விடுதலைக்குப் பின்னரும் இந்நிலை முற்றும் மாறிற்றில்லை. 1975 சூன் 25-ஆம் நாள் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. அவ்வாண்டு திசம்பர் 10-ஆம் நாள் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ இதழில் அபு ஆபிரகாம் வரைந்த படமொன்று வெளிவந்தது. குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் அமர்ந்தவாறே அவசரச் சட்டமொன்றிற் கையொப்பமிட்டு, கதவிடுக்கின் வழியே நீட்டுகிறார். இன்னும் இருப்பின் சற்றுக் காத்திருக்கச் சொல்லுமாறு கூறுகிறார். இப்படத்தின் நகை எள்ளலோடு மடனும் கலந்தது. மடன் என்பது கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை என உரைப்பர். கொடுத்ததை ஆராயாது ஏற்கும் இயல்பு, நாட்டின் மிகவுயர்ந்த பதவியில் அமர்ந்திருப்பதைப் படம் காட்டிற்று. நீண்ட தலையங்கம் எழுத இயலாத நாளில் இப்படம் வெளிவந்தது என்பதை மறத்தலாகாது. படிப்பவன் தன் ஐயத்தைத் தான் ஒருவனே கொண்டுள்ளான் என்று எண்ணியிருந்தான். படம் கண்டபின் பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர் என அறிந்தான். தனிமை நீங்கியவிடத்து அச்சம் பாதி நீங்கும். கருத்துப்படம் தரும் ஆறுதலின் உண்மையான ஊற்று இதுவே.

1987 மார்ச்சுத் திங்களில் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் வெளிவந்த நகைச்சுவைப் படம் பிறிதொரு சான்று. மேடைமீதுள்ள இருவருள் முடிச்சவிழ்ப்பவர் போலத் தோன்றுபவர் சட்டமன்ற உறுப்பினர் என்றும், முகமூடிக் கொள்ளையர் போலத் தோன்றுபவர் அமைச்சர் என்றும் அது கூறிற்று. எவர் பெயரும் அதில் இல்லை. ஆயினும் ஆசிரியர் பாலசுப்ரமணியன் வருத்தம் தெரிவிக்க மறுத்தமையால், தமிழ்நாடு சட்டமன்றம் அவருக்கு மூன்று திங்கள் கடுங்காவல் தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். 1994-இல் உயர்நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. தொல்காப்பியர் அடுத்தடுத்து எண்ணிய கள்வரையும் இறையையும் ஒருவராக்கிக் காட்டியதே அப்படத்தின் குற்றமெனக் கொள்ளப்பட்டது.

ஈண்டு ஒரு தடை எழும். நகை வெகுளியைத் தணித்துவிடுமன்றோ? சிரித்தவன் அமைதியுற்றுத் தன் கடமையை மறப்பானன்றோ? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆர். கே. லட்சுமண் 1951 முதல் ‘டைம்ஸ் ஆப் இந்தியா’ இதழில் வரைந்த பொதுமனிதன், வேட்டியும் கட்டமிட்ட மேற்சட்டையும் அணிந்து, எல்லாவற்றையும் பார்த்து, ஒன்றும் பேசாது நிற்பவன். அவனைக் கண்டு நகைத்த நாமும் அவ்வாறே பேசாதிருந்த காலம் உண்டு. எனினும், வெகுளிக்கு நிலைக்களனாகத் தொல்காப்பியர் கூறியவற்றுள் குடிகோளும் அலையும் உள்ளன. குடி நலிவுறுங்கால் எழும் அவ்வெகுளி பெரும்பாலும் அச்சத்தால் அடக்கப்பட்டே கிடக்கும். நகை நீக்குவது அச்சத்தையேயன்றி வெகுளியை அன்று. அச்சம் நீங்கியபின் அவ்வெகுளி செயலாவதும் ஆகாமையும் படிப்பவனைப் பொறுத்தவை. ஓவியன் அதற்குப் பொறுப்பாகான்.

நகைக்கு ஓர் எல்லையும் உண்டு. எள்ளல் என்பதனைப் பேராசிரியர் இருவகையாகக் கொண்டார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதல் மற்றொன்று. இரண்டாவது வகை ஆள்வோர்க்கு வேண்டப்படுவது. 1948-இல் சங்கர் பிள்ளை தம் நகைச்சுவை வார இதழைத் தொடங்கியபோது, தம்மையும் விட்டுவைத்தல் வேண்டா என நேரு கூறினார் என்பர். அவ்விதழ் 1975-இல் நெருக்கடி நிலையின்போது நின்றுபோயிற்று. எள்ளப்பட்டவழி நகும் ஆற்றல் தலைவர்க்கு இருந்த நாளில் தோன்றி, அஃது அருகிய நாளில் அது மறைந்தது எனலாம்.

இனி, எள்ளல் ஆள்வோரை விடுத்து ஆளப்படுவோர் மேற் செல்லுமாயின், அதன் பயன் தலைகீழாகும். 1965-ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி லட்சுமண் வரைந்த படமொன்று பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றிருந்தமை குறித்து 2012-இல் தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. மொழியுரிமைக்காக உயிர்நீத்தாரும் இருந்த அப்போராட்டத்தில் ஈடுபட்ட மாணவரை அப்படம் பேதைமையுடையாராகக் காட்டிற்று என்பது குறை கூறினாரது கருத்து. இறையைக் கண்டு அஞ்சுவாரின் அச்சத்தை நீக்குவதற்கு உரிய எள்ளல், அஞ்சாது நின்றார் மேற் சென்றவிடத்து நகை தோன்றாது, வெகுளியே தோன்றும். படத்தைத் தடை செய்தல் தகுமா என்பது வேறு வினா. அது கண்டார் நகாமைக்குக் காரணம் நகைச்சுவையுணர்வின்மை அன்று என்பதே நாம் ஈண்டுக் கூறுவது.

இதுகாறும் கூறியவற்றால், அரசியற் கருத்துப்படம் அச்சத்தின் நிலைக்களனை நகையின் நிலைக்களனாக மாற்றும் கலையென்பதும், அதனால் வரும் ஆறுதல் அச்சமும் தனிமையும் ஒருங்கே நீங்குவதாற் பிறப்பதென்பதும், அவ்வெள்ளல் மேல்நோக்கிச் செல்லுங்காலே அப்பயன் விளையும் என்பதும் பெறப்படும். மெய்ப்பாட்டியலைச் செய்யுட்கே உரியதெனக் கருதிப் பயிலும் மாணவர், நாள்தோறும் கைக்கு வரும் செய்தித்தாளையும் அதனோடு பொருத்திப் பார்ப்பாராயின், அப்பழைய நூற்பாக்கள் இன்றும் பயன்படுமாற்றை உணர்வர்.