சுறாவின் பல் மட்டும் மிஞ்சுவது ஏன்?

வீட்டிலேயே பாடம் படிக்கும் என் மகள், திருக்கழுக்குன்றம் மலைப்படியில் சுறாப்பல் தேடினாள். கிடைக்காது கண்ணு, இது பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய சார்னோகைட் பாறை. இது உருவான காலத்தில் மீனே கிடையாது.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமம் வேறு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். அங்குள்ள களிமண்ணில் டைக்கோடஸ் சுறாவின் பற்கள் கிடைத்திருக்கின்றன. கிழிக்கும் கூர்ப்பல் அல்ல, ஓட்டுயிர்களை நொறுக்கும் அம்மிக்கல் போன்ற பல்!

"உடம்பு எங்கேப்பா?"

சுறாவுக்கு எலும்பு இல்லை; நம் மூக்கு நுனியில் இருப்பதுபோல் குருத்தெலும்புதான். பெரும்பாலும் மட்கிவிடும். பல்லின் மேற்பூச்சோ ஃபுளோரின் கலந்த கால்சியம் பாஸ்பேட், எளிதில் அழியாது. விழ விழப் பின்வரிசையிலிருந்து புதுப்பல் முன்னே வரும். ஒரே சுறா ஆயுளில் ஆயிரக்கணக்கில் உதிர்க்கும்.

மகள் தன் ஆடும் பால்பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.